வன்னியில் லொறி, டிப்பர் வைத்திருப்போருக்கான சட்ட விளக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் சரக்கு வாகனத் தொழிலில் இருப்பவர்களிற் பெரும்பாலானோர் ஒன்றிரண்டு வாகனங்களை லீசிங்கில் எடுத்து ஓட்டுவிப்பவர்கள். பெரிய நிறுவனங்களுக்கு இருப்பதுபோலச் சட்டத்தரணியோ கணக்காளரோ இவர்களிடம் இல்லை. ஆனால் விபத்து நடந்த மறுநாளில் சட்டம் இவர்களையும் பெரிய நிறுவனங்களையும் ஒரே விதமாகத்தான் பார்க்கிறது. அண்மைய ஆண்டுகளில் வந்த சில திருத்தங்கள் அந்தப் பொறுப்பை இன்னும் கூட்டியிருக்கின்றன. உரிமையாளர்கள், சாரதிகள், உதவியாளர்கள், விபத்தில் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் ஆகிய எல்லாரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பொதுவான விளக்கம் தரப்படுகிறது. வழக்கு என்று வந்துவிட்டால் ஒரு சட்டத்தரணியை நேரிற் சந்தித்தே ஆகவேண்டும்.

என்னிடம் ஒரே ஒரு லொறிதான் இருக்கிறது. சாரதிக்கு ஓட்டத்துக்கு ஏற்றபடி காசு கொடுக்கிறேன். நானும் தொழில் வழங்குநரா?

ஆம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் நிதிக்குப் பங்களிப்புச் செலுத்த வேண்டும். ஊழியரின் உழைப்பூதியத்தில் 8 வீதத்தைக் கழித்து, உங்கள் பங்காக 12 வீதத்தைச் சேர்த்து, அடுத்த மாத முடிவுக்குள் கட்டவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம் தனியாக உண்டு. அது முழுவதும் தொழில் வழங்குநரின் பணம். மாதச் சம்பளம் இல்லை, பரந்தனிலிருந்து கொழும்புக்கு ஒரு ஓட்டம் போனால் இவ்வளவு என்ற கணக்குத்தான் என்பதால் இந்தக் கடமை நீங்கிவிடாது. வேலையின் அளவுக்கு ஏற்பக் கொடுக்கும் கூலியும் உழைப்பூதியம்தான்.

வன்னியில் மிகப் பரவலாக இருக்கும் ஒரு நம்பிக்கையை இங்கே மறுத்தே ஆகவேண்டும். “எனக்கு சேமலாப நிதி வேண்டாம், முழுக் காசையும் கையிலே தாருங்கள்” என்று சாரதியே எழுதி ஒப்பமிட்டுக் கொடுத்தாலும் அந்தக் கடிதத்துக்குச் சட்டத்தின் முன் பெறுமதி இல்லை. பத்து ஆண்டுகள் கழித்து அதே சாரதி தொழில் அலுவலகத்தில் முறையிட்டால், நிலுவை முழுவதையும் நீங்கள் கட்ட நேரிடும். உரிய காலத்தில் கழிக்காமல் விட்ட அவருடைய 8 வீதத்தையும் பின்னர் அவரிடமிருந்து அறவிட முடியாது. தாமதத்தின் அளவைப் பொறுத்து 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை மேலதிகக் கட்டணமும் சேரும். ஒரு லொறிக்காரர் ஒரேயடியாகத் தாங்கக்கூடிய தொகை இது அல்ல. மாதாமாதம் கட்டிவருவதுதான் அவருக்கு மலிவு.

1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களுக்கே பொருந்தும். 5 ஆண்டுகள் சேவையை நிறைவு செய்தவருக்கு, நிறைவடைந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் வழங்கப்படவேண்டும்.

குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு?

2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசியக் குறைந்தபட்ச வேதனச் சட்டத்துக்கு 2025இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின்படி, 2025 ஏப்ரல் முதல் மாதம் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரி முதல் மாதம் 30,000 ரூபாவாகவும், நாட்கூலி முறையே 1,080 ரூபாவாகவும் 1,200 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டுள்ளது. இது அடிமட்டம் மட்டுமே. மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கெனத் தனியான சம்பளச் சபை இருப்பதால், அதன் தீர்மானங்களையும் தொழில் அலுவலகத்தில் கேட்டறிய வேண்டும்.

விபத்தைச் செய்தவர் சாரதி. நான் வீட்டில் இருந்தேன். என்மீது ஏன் வழக்கு வருகிறது?

இங்கே இரண்டு வழக்குகள் இருக்கின்றன என்பதை முதலில் பிரித்துப் பார்க்கவேண்டும். கவனயீனத்தால் மரணம் விளைவித்தது பற்றிய குற்றவியல் வழக்கு நீதவான் நீதிமன்றத்தில் சாரதிமீது நடக்கும். தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவின்படி அதற்கு 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். அதற்குப் புறம்பாக, பாதிக்கப்பட்டவரின் குடும்பம் மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு கோரி வழக்குத் தொடுக்கலாம். அந்த வழக்கில்தான் உரிமையாளரும் எதிராளியாகிறார். ஊழியர் தன் வேலையைச் செய்யும்போது இழைத்த தவறுக்கு அவரை வேலைக்கு அமர்த்தியவரும் பொறுப்பு என்பது, இலங்கையில் நடைமுறையிலுள்ள உரோம டச்சுச் சட்டத்தின் கீழ் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பின்பற்றிவரும் விதி.

சாரதி வேலையின் போக்கில் இருந்தாரா என்பதே பெரும்பாலான வழக்குகளில் பிரச்சினைக்குரிய கேள்வி. மாங்குளத்தில் நெல் ஏற்றிக்கொண்டு தெற்கே போகவேண்டியவர் சாப்பிடுவதற்காக வழியில் ஒரு கடைக்குத் திரும்பியிருந்தால், அதையும் வேலையின் பகுதியாகவே நீதிமன்றம் கருத இடமுண்டு. வேலை முடிந்து வாகனத்தை நிறுத்திய பின், இரவில் திறப்பை எடுத்துக்கொண்டு உறவினரின் கலியாண வீட்டுக்குப் போயிருந்தால் நிலைமை வேறு. ஆனால் அதை நிரூபிக்க, வாகனம் எத்தனை மணிக்கு எங்கே நிறுத்தப்பட்டது, திறப்பு யாரிடம் கொடுக்கப்பட்டது என்பதற்குச் சான்று தேவை. அதனால் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் திகதி, புறப்பட்ட நேரம், ஏற்றிய பொருள், இறக்கிய இடம் ஆகியவற்றைச் சாரதியே எழுதி ஒப்பமிடும் ஓட்டப் புத்தகம் ஒன்றைக் கட்டாயம் வைத்திருக்கவேண்டும்.

இவ்வகையான நட்டஈட்டு வழக்கை, சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் தொடுக்கவேண்டும். பாதிக்கப்பட்டவரிடமும் தவறு இருந்தால், 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி அதற்கேற்ற அளவு நட்டஈட்டுத் தொகை குறைக்கப்படும். வழக்கு அடியோடு தள்ளுபடியாகாது.

2019இல் வந்த சட்டம் விபத்து மரணங்களுக்கான நட்டஈட்டை மாற்றிவிட்டது என்கிறார்களே?

மாற்றிவிட்டது. இந்தப் பக்கத்தில் உள்ளவற்றில் லொறி உரிமையாளர்களுக்கும் காப்புறுதி நிறுவனங்களுக்கும் மிக முக்கியமானது இதுவே. எனினும் எங்கள் பகுதியில் இதைப் பற்றி அறிந்தவர்கள் குறைவு.

முன்பு ஒருவர் விபத்தில் இறந்தால், அவரது உழைப்பில் தங்கியிருந்தவர்கள் இழந்த வருமானத்தையும் ஏற்பட்ட செலவுகளையுமே கோரமுடிந்தது. பாசம், துணை, பராமரிப்பு ஆகியவற்றின் இழப்புக்குப் பணப் பெறுமதி கிடையாது என்பதே சட்டம். குழந்தை ஒன்றின் மரணம் பற்றிய மருத்துவக் கவனயீன வழக்கொன்றில் உயர் நீதிமன்றம் 2001இல் அந்த நிலைப்பாட்டை உறுதிசெய்தது. இதன் விளைவு மிகக் கொடியதாக இருந்தது. உழைக்கும் வயதுள்ள ஒருவர் இறந்தால் ஒரு தொகையாவது கிடைக்கும். பாடசாலைக்குச் சைக்கிளில் சென்ற பிள்ளை டிப்பரில் அடிபட்டு இறந்தால், அந்தப் பிள்ளையின் வருமானத்தில் எவரும் தங்கியிருக்கவில்லை என்ற காரணத்தால், பெற்றோர் பெறக்கூடியது மரணச் செலவைத் தாண்டி அதிகமில்லை.

2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் இதை மாற்றியது. பிறரின் தவறான செயலால் ஒருவர் இறந்தால், அவருடைய துணைவர், பிள்ளைகள், பெற்றோர் போன்ற நெருங்கிய உறவினர்கள், அவரது அன்பையும் துணையையும் பராமரிப்பையும் இழந்ததற்காகவும் நட்டஈடு கோரலாம். பொருள் இழப்பை நிரூபித்தால் மட்டுமே வழக்கு நிற்கும் என்ற தடை நீங்கிவிட்டது.

ஏ9 வீதியிலும் பரந்தன் – முல்லைத்தீவு வீதியிலும் பாடசாலை நேரத்தில் டிப்பர்கள் ஓடும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சட்டம் ஏன் தேவைப்பட்டது என்று விளக்கவேண்டியதில்லை. உரிமையாளர்களுக்கு இதில் உள்ள செய்தி நேரடியானது: பிள்ளைகளோ முதியவர்களோ இறந்தால் பெரிய தொகை வராது என்ற பழைய கணக்கை இனிப் போடமுடியாது. அந்தக் கணக்கை எவரும் ஒருபோதும் போட்டிருக்கக்கூடாது என்பதே என் கருத்து.

மூன்றாம் தரப்புக் காப்புறுதி இருக்கிறது. அது எல்லாவற்றையும் கட்டிவிடும்தானே?

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் 99ஆம் பிரிவு, மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் வாகனத்தை வீதியில் செலுத்துவதைத் தடைசெய்கிறது. அந்தக் காப்புறுதியின் நோக்கம் உங்களைக் காப்பதல்ல, வீதியில் போகும் மற்றவரைக் காப்பது. உங்கள் லொறிக்கு ஏற்பட்ட சேதத்துக்கு அதில் ஒரு சதமும் கிடைக்காது. மற்றவரின் உயிருக்கும் உடலுக்கும் ஏற்பட்ட தீங்கு தொடர்பாக உங்களுக்கு எதிராக நீதிமன்றம் தீர்ப்பளித்தால், அந்தத் தொகையைக் காப்புறுதி நிறுவனம் செலுத்தவேண்டும் என்று 105ஆம் பிரிவு கூறுகிறது.

ஆனால் இந்தக் கடமைக்கு ஒரு நிபந்தனை உண்டு; அதைத் தவறவிட்டு நொந்துபோனவர்கள் பலர். வழக்குத் தொடங்கும் முன்னரோ, தொடங்கி 7 நாட்களுக்குள்ளோ காப்புறுதி நிறுவனத்துக்கு அந்த வழக்கைப் பற்றி அறிவித்தல் கொடுக்கப்பட்டிருக்கவேண்டும். வழக்கின் எந்தத் தரப்பினரும் அதைக் கொடுக்கலாம். வழக்காளியின் சட்டத்தரணி கொடுத்திருப்பார் என்று உரிமையாளரும், உரிமையாளர் சொல்லியிருப்பார் என்று வழக்காளியும் நினைத்துக்கொண்டிருந்தால், இறுதியில் தீர்ப்புப் பணத்தை உரிமையாளர் தன் காணியை விற்றுக் கட்டவேண்டிய நிலை வரலாம், அல்லது பாதிக்கப்பட்ட குடும்பம் வெறுங்கையோடு நிற்கலாம். நீங்கள் எந்தத் தரப்பாக இருந்தாலும், பதிவுத் தபாலில் அறிவித்தலை அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

முழுக் காப்புறுதி எடுத்தும் கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள். ஏன்?

பெரும்பாலும் நான்கில் ஒரு காரணம்தான் இருக்கும். முதலாவது சாரதி அனுமதிப்பத்திரத்தின் வகுப்பு. மொத்த நிறை 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரையான லொறிகளுக்கு சி1 வகுப்பும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு சி வகுப்பும் தேவை. சிறிய லொறி ஓட்டிப் பழகிய ஒருவரை ஒரு நாளைக்கு மட்டும் என்று பத்துச் சில்லு டிப்பரில் ஏற்றிவிடுவது, அந்த ஒரு நாளுக்குக் காப்புறுதி இல்லாமல் வாகனத்தை வீதிக்கு அனுப்புவதற்குச் சமம். கனரக வகுப்புகளுக்கான அனுமதிப்பத்திரம் குறுகிய காலத்துக்கே செல்லுபடியாகும் என்பதால் அதன் காலாவதித் திகதியை உரிமையாளர் தானே குறித்து வைத்திருக்கவேண்டும். மதுபோதை இரண்டாவது, அளவுக்கு மீறிய பாரம் மூன்றாவது. இவ்விரண்டுக்கும் விளக்கம் தேவையில்லை.

நான்காவது, எங்கள் பகுதிக்கே உரிய பெரிய நோய்: வாகனத்தை வாங்கிய பின் பெயர் மாற்றாமல், விற்றவர் ஒப்பமிட்டுக் கொடுத்த வெற்றுப் படிவங்களை வைத்தே ஆண்டுக்கணக்கில் ஓட்டுவது. கைமாறி 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும். பழைய உரிமையாளரின் பெயரில் உள்ள காப்புறுதி வாகனத்தோடு சேர்ந்து புதியவருக்குத் தானாக மாறாது. விற்றவருக்கும் இதில் ஆபத்து இருக்கிறது. பதிவில் அவருடைய பெயர் இருக்கும் வரை, எங்கோ நடந்த விபத்துக்கு அவருக்கே நீதிமன்ற அழைப்பாணை வரும்.

காப்புறுதித் தொகை பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 வரை நீடித்த அந்தத் தடைக்காலத்தில் பழைய லொறிகளின் சந்தை விலை பல மடங்கு ஏறியது. காப்புறுதித் தவணைப் பணம் குறையட்டும் என்று பழைய பெறுமதியையே தொடர்ந்து எழுதிவந்தவர்களுக்கு, வாகனம் முற்றாக அழிந்தபோது கிடைத்த தொகை லீசிங் நிலுவைக்கே போதவில்லை. ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கும்போது பெறுமதியைத் திருத்துங்கள்.

விபத்தில் என் லொறியின் சாரதியோ கிளீனரோ காயப்பட்டால் அல்லது இறந்தால்?

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இங்கே வரும். வேலையின்போது, வேலையின் காரணமாக ஏற்பட்ட காயத்துக்கும் மரணத்துக்கும் தொழில் வழங்குநர் நட்டஈடு செலுத்தவேண்டும். அவருடைய தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. 2022இல் செய்யப்பட்ட திருத்தம் உச்சத் தொகையை 5,50,000 ரூபாவிலிருந்து 20,00,000 ரூபாவாக உயர்த்தியதோடு, வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதும் திரும்பும்போதும் ஏற்படும் விபத்துக்களையும் உள்ளடக்கியது. விடியற்காலை நான்கு மணிக்கு லொறியை எடுக்கச் சைக்கிளில் வரும் கிளீனரை வழியில் வேறு வாகனம் மோதினாலும் அது உங்கள் கணக்குக்கு வரும்.

உங்கள் மூன்றாம் தரப்புக் காப்புறுதி இதைத் தாங்கும் என்று எண்ணவேண்டாம். சாரதிக்கும் உதவியாளருக்குமான வேலையாள் நட்டஈட்டுக் காப்பு பத்திரத்தில் தனியாகச் சேர்க்கப்படுவது. காப்புறுதி அட்டையை மட்டும் பார்க்காமல், கூட வரும் விபரத் தாளில் எத்தனை ஊழியர்கள் குறிப்பிடப்பட்டுள்ளனர் என்று பாருங்கள். “சாரதி 1” என்று மட்டும் இருந்தால் கிளீனருக்குக் காப்பு இல்லை. மேலதிகமாகச் செலுத்தவேண்டியது சிறிய தொகைதான்.

மரணம் நேர்ந்தால், நட்டஈட்டுப் பணத்தைக் குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுக்கக்கூடாது. வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்புச் செய்யவேண்டும். தங்கியிருந்தோருக்குப் பங்கிடுவது அவர். செத்தவீட்டில் ஊரார் முன்னிலையில் ஒரு தொகையைக் கொடுத்து, வெள்ளைத்தாளில் ஒப்பம் வாங்குவது உரிமையாளரின் நல்ல மனதைக் காட்டலாம். சட்டப்படியான நட்டஈடாக அது கணக்கில் எடுக்கப்படாமற் போகலாம்.

குடும்பங்களுக்கு வன்னியில் உள்ள தடையும் தனியானது. 2009 வரையான இடப்பெயர்வுகளில் பிறப்பு, விவாகச் சான்றிதழ்களை இழந்தவர்கள் பலர். பதிவு செய்யாமலே தாலி கட்டி வாழ்ந்த தம்பதிகளும் உள்ளனர். தங்கியிருந்தவர் என்பதை நிறுவ இந்த ஆவணங்கள் தேவை. தொலைந்த சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பெறலாம். பதிவில்லாத திருமணமாயின் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் இருப்பது பெரும் உதவி. தன்னிடம் வேலை செய்பவரின் குடும்ப விபரத்தைச் சேமலாப நிதிப் படிவத்திலேயே ஒழுங்காகப் பதிந்துவைக்கும் உரிமையாளர், அந்தக் குடும்பத்துக்குச் செய்யக்கூடிய பேருதவியைச் செய்துவிட்டார்.

ஒரே காயத்துக்கு இந்தக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடும், தொழில் வழங்குநருக்கு எதிராகச் சிவில் வழக்கும் என்று இரண்டையும் பெறமுடியாது. எதைத் தெரிவதென்று முன்கூட்டியே சட்டத்தரணியிடம் கேட்கவேண்டும்.

பதினைந்து வயதுப் பையனைக் கிளீனராக வைத்திருக்கலாமா?

முடியாது. வேலைக்கு அமர்த்தும் குறைந்தபட்ச வயதை 2021ஆம் ஆண்டுத் திருத்தம் 16ஆக உயர்த்தியது. பாரம் ஏற்றி இறக்குவது போன்ற ஆபத்தான வேலைகளுக்கு 18 வயது நிறைந்திருக்கவேண்டும்.

எனக்குத் தெரியாமல் சாரதி மரம் ஏற்றி அகப்பட்டுவிட்டார். லொறி பறிபோகுமா?

பறிபோகக்கூடும். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் சீமெந்து இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் லொறியில் யாரோ கொடுத்த முதிரைக் குற்றிகளை ஏற்றி, மேலே வைக்கோலோ வெற்றுச் சாக்குகளோ போட்டு மூடி வருவது இங்கே புதிய கதை அல்ல. வனக் கட்டளைச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி, குற்றத்துக்குப் பயன்பட்ட வாகனத்தை நீதவான் பறிமுதல் செய்யலாம். காட்டுக்குள்ளிருந்து எடுக்கப்படும் மணலும் கிரவலும் கூட இந்தச் சட்டத்தின் கீழ் வரலாம்.

உரிமையாளரைக் கேளாமல் பறிமுதல் செய்யமுடியாது. 1987இல் மனவடு எதிர் சட்டமா அதிபர் என்ற வழக்கில், பிரதம நீதியரசர் சர்வானந்தா இதைத் தெளிவாக நிறுவினார். குற்றத்தில் பங்கில்லாத லொறி உரிமையாளருக்கு, தன் வாகனம் பறிக்கப்படும் முன்னர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தரப்படவேண்டும் என்பது அத்தீர்ப்பு. யாழ்ப்பாணத் தமிழர் ஒருவர் எழுதிய அந்தத் தீர்ப்பை நாடெங்கும் வாகன விசாரணைகளில் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

அந்த விசாரணையில் உரிமையாளர் என்ன காட்டவேண்டும் என்பதில்தான் பலர் தோற்கிறார்கள். குற்றம் தனக்குத் தெரியாது என்பது போதாது. அப்படி நடக்காதிருக்கத் தான் எல்லா முற்காப்பும் எடுத்திருந்ததாக நிரூபிக்கும் பாரம் அவருடையது. “மரம் ஏற்றாதே என்று வாயால் சொன்னேன்” என்ற சாட்சியத்தை மட்டும் நீதிமன்றங்கள் இலகுவில் ஏற்பதில்லை. எழுத்திலான நியமனக் கடிதத்தில் தடைசெய்யப்பட்ட பொருட்கள் குறிப்பிடப்பட்டு அதில் சாரதியின் ஒப்பம் இருப்பது, ஓட்டப் புத்தகம், ஜிபிஎஸ் பதிவுகள், முன்னர் விதிமீறியபோது எடுத்த நடவடிக்கை ஆகியவை அங்கே பேசும். வாகனம் பிடிபட்ட பின்னர் எழுதிய கடிதம் எந்தப் பயனும் தராது.

மணல், கிரவல் ஏற்றும் டிப்பர்கள் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரத்தை வாகனத்திலேயே வைத்திருக்கவேண்டும். அனுமதியில் உள்ள திகதி, பாதை, அளவு ஆகியவற்றுக்கு மாறாக ஓடினால் அது அனுமதியில்லாத ஓட்டமாகிவிடும்.

லொறி பொலிஸ் நிலையத்தில் நிற்கும்போது லீசிங் தவணை நிற்குமா?

நிற்காது. நிறுவனத்துக்கு உடனே எழுத்தில் அறிவித்து, தவணை மறுசீரமைப்புக் கோருங்கள். வாகனப் பதிவில் அந்த நிறுவனமும் உரிமையாளராக இருப்பதால் விடுவிப்பு விண்ணப்பத்தில் அதன் ஒத்துழைப்பும் தேவைப்படும்.

சாரதியை உடனே வேலையிலிருந்து நிறுத்திவிடலாமா?

காரணம் காட்டாமல், விளக்கம் கேட்காமல் நிறுத்தினால், அவர் 6 மாதங்களுக்குள் தொழில் நியாய சபைக்குப் போகலாம். குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, பதிலைப் பெற்று, அதன் பின்னர் தீர்மானியுங்கள். 15 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்கு வேலை நீக்கம் பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின் கட்டுப்பாடுகளும் உண்டு.

விபத்தைப் பொலிஸிலேயே சமாதானமாக முடித்துவிடலாமா?

சிறிய சேதமாயின் முடிக்கலாம். ஆனால் காப்புறுதி நிறுவனத்திடம் கேளாமல் தவறை ஒப்புக்கொண்டு தொகை பேசுவதைப் பெரும்பாலான பத்திரங்கள் தடைசெய்கின்றன. அந்தத் தொகையைப் பின்னர் திரும்பப் பெறமுடியாது. உயிரிழப்போ காயமோ இருந்தால், வாகனத்தை நிறுத்துவதும், அடிபட்டவருக்கு உதவுவதும், பொலிஸுக்கு அறிவிப்பதும் சட்டக் கடமைகள். ஊரார் அடிப்பார்கள் என்ற பயத்தில் சாரதி ஓடிவிடுவது வழக்கையும் கெடுக்கும், காப்புறுதியையும் கெடுக்கும். பயமாக இருந்தால் நேரே அடுத்த பொலிஸ் நிலையத்துக்குப் போகவேண்டும்.

வழக்கை விரைவில் முடிப்பதற்காக நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும்படி சாரதிக்கு ஆலோசனை சொல்வோரும் உண்டு. அந்த ஒப்புதல் பின்னர் மாவட்ட நீதிமன்ற நட்டஈட்டு வழக்கில் அவருக்கு எதிராகக் காட்டப்படும். உண்மையிலேயே தவறு அவருடையதாக இருந்தால் ஒப்புக்கொள்வது நேர்மை. தண்டப்பணத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பி ஒப்புக்கொள்வது அறியாமை.

காப்புறுதி நிறுவனம் மறுத்தால் யாரிடம் போவது?

மறுப்புக்கான காரணத்தை எழுத்தில், நீங்கள் விளங்கக்கூடிய மொழியில் கேட்டுப் பெறுங்கள். முதலில் அந்த நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதவேண்டும். அங்கே தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ (காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிப்பவர்), இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ முறையிடலாம். முறைப்பாட்டோடு பத்திரத்தின் பிரதி, சாரதி அனுமதிப்பத்திரத்தின் இரு பக்கங்கள், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மறுப்புக் கடிதம் ஆகியவற்றை இணையுங்கள். இந்த முறைப்பாடுகள் நடந்துகொண்டிருக்கும்போதும் வழக்குத் தொடுப்பதற்கான காலவரையறை ஓடிக்கொண்டேயிருக்கும் என்பதால், பதிலுக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே சட்டத்தரணியிடம் கோவையைக் கொடுத்துவைக்கவேண்டும்.